வளைந்து தெரிந்த தரை

பதித்து முடித்த டைல்ஸ் வரிசையை மேஸ்திரி முட்டி போட்டுப் பார்த்தார். நடுவில் கோடு நெளிந்தது. சிமெண்ட் இறுகுவதற்குள் நான்கு டைல்ஸைப் பெயர்த்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள், கலவை கொண்டுவந்த மனைவி.

"சட்டி தூக்குறவளுக்கு என்ன தெரியும்."

அவர் திருப்பிப் பதித்ததும் வரிசை உண்மையாகவே நெளிந்தது. அவருக்கு மட்டும் அது நேராக இருந்தது. மனைவி ஒரு நூலை இழுத்துக் கட்டினாள். நூலே வளைந்திருக்கிறது என்று அவர் சொன்னதும், சட்டியைக் கவிழ்த்துவிட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறது என்றார் கண் டாக்டரம்மா.

"வயசு?"

"அறுபத்தி மூணு. சைட்ல சொன்னது அம்பத்தஞ்சு," என்றார் மேஸ்திரி.

"புகை பிடிப்பீங்களா?"

"நாப்பது வருஷமா மத்தியானச் சாப்பாடே பீடிதாங்க," என்றாள் மனைவி.

"பிரஷர்?"

"இன்ஜினியர் வந்தா ஏறும்."

"அப்பா அம்மாவுக்கு இப்படிக் கண்ணு போயிருக்கா?"

"கண்ணு போற வயசு வரைக்கும் அவங்க உசுரோட இல்லைங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பீடியை விட்டுடுங்க. கீரை, மீன் சேருங்க. வியாழக்கிழமை முதல் ஊசி. தள்ளிப் போட்டா நடுப்பார்வை போயிடும். அப்புறம் திரும்பாது."

மறுநாள் மனைவி அவருக்குப் பக்கத்திலேயே குந்தினாள். "இடது பக்கம். இன்னும் மயிரிழை. போதும்." அவர் சுத்தியலால் தட்டினார்.

"இந்த வயசுல காதலைப் பாருடா," என்றார் பெயிண்டர்.

"உங்க வீட்ல பேசலைன்னா நான் என்னப்பா பண்றது," என்றார் மேஸ்திரி.

புதன்கிழமை சாயங்காலம் இன்ஜினியர் வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"என்ன கண்ணு மேஸ்திரி உங்களுக்கு. சின்னப் பசங்க தோத்தாங்க."

"சார், நாளைக்கு ஒரு நாள் லீவு..."

"ஞாயித்துக்கிழமை வீட்டை ஒப்படைக்கணும். நாளைக்கு வரலைன்னா வேற ஆள்தான். மாடி ரூமுக்கு நீங்க ஒருத்தரே போதும். அக்கா கீழ ஜல்லி சுமக்கட்டும்."

வியாழக்கிழமை காலை அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். மேலே, வெறும் தரையில் மேஸ்திரி முதல் டைலை வைத்தார். சுவர் எங்கே முடிகிறது என்று கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.