மொட்டை மாடியில் சிவப்பு வட்டம்

எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்று, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க வீட்ல இருந்து விஷ வாயு வருது" என்றார்.

காத்து சார் தன் கையில் இருந்த பால் பாக்கெட்டைப் பார்த்தார். அதிலிருந்து வரவில்லை என்று உறுதியானதும் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் போனை நீட்டினார். அரசாங்கம் புதிதாகத் திறந்திருந்த இணையதளம். எந்தத் தொழிற்சாலை எந்த வாயுவை வருஷத்துக்கு எவ்வளவு காற்றில் விடுகிறது என்று அந்தந்தத் தொழிற்சாலையே எழுதி அனுப்பும் அறிக்கையை, ஜனங்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று வரைபடத்தில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். கொஞ்சமாக விட்டால் பச்சை, கூடுதலாக விட்டால் மஞ்சள், வாரி விட்டால் சிவப்பு. அந்த வட்டாரத்திலேயே சிவப்பு ஒன்றே ஒன்றுதான். அது காத்து சார் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. விரலால் தொட்டால் பசைக் கம்பெனியின் பெயரும், பசையைக் கரைக்கும் டொலுயீனின் ஆவி என்ற விவரமும், டன் கணக்கில் ஓர் எண்ணும் வந்தன.

"நீங்க அந்தக் கம்பெனியிலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப அங்க திறக்க முடியாத சரக்கை இங்க கொண்டு வந்து திறந்து விடுறீங்க."

"இல்ல டாக்டர்."

"பின்ன வட்டம் என்ன, காத்தாடியா? தானா பறந்து வந்து மாடியில விழ?"

வட்டம் எப்படி வந்தது என்று காத்து சாருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த அறிக்கையை எழுதியவரே அவர்தான். கம்பெனியில் சேர்ந்தபோது அவர் ஸ்டோர் கீப்பர். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு ஞாபகம் இருந்த ஒரே ஆள் என்ற தகுதியில் அவரைச் சுற்றுச்சூழல் அலுவலர் ஆக்கினார்கள். சம்பளம் ஏறவில்லை, பதவியின் பெயர் மட்டும் ஏறியது. அரசு முத்திரை போட்ட உறையைக் கண்டாலே மேனேஜருக்கு ரத்தக் கொதிப்பு வரும். ஆகவே போன அறிக்கையின்போது, "தொடர்பு முகவரியில உன் வீட்டு அட்ரஸைப் போடு காத்து. கடுதாசி வந்தா நீயே படி, நல்ல சேதியா இருந்தா மட்டும் எங்கிட்ட சொல்லு" என்றார். காத்து சார் போட்டார். அடுத்த கட்டம், தொழிற்சாலை அமைந்துள்ள இடம். அதில் ‘மேற்படி’ என்று எழுதுவதுதான் கம்பெனி வழக்கம். மேலே இருப்பது மாறிவிட்டது, கீழே மேற்படி அப்படியே நின்றது. அரசாங்கத்துக் கம்ப்யூட்டர் அவர் சொன்னதை நம்பி, முழுத் தொழிற்சாலையையும் தூக்கிக்கொண்டு வந்து அவர் மாடியில் வைத்துவிட்டது.

இதை டாக்டரிடம் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் திருத்த வேண்டும், திருத்தினால் மேனேஜரிடம் போக வேண்டும். நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது.

"பாக்குறேன் டாக்டர்" என்றார்.

பசை கலக்கும் கூடத்துக்குப் பக்கத்து அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்ததில் அவருக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. "மூக்கு மட்டும்தான் போச்சா, இல்ல மொத்தமாவே கடையை மூடிட்டீங்களா?" என்று மனைவி அவ்வப்போது கேட்பார். அதற்கும் காத்து சார் பாக்குறேன் என்பார்.

தெரு வேகமாக வேலை செய்தது. காத்து சார் வீட்டுப் பக்கம் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. டாக்டரின் தலைமையில் ஒரு வாட்ஸப் குழு பிறந்தது. காத்து சாரின் மனைவி அடுப்படி விசிறியைப் போட்டால், எதிர்மாடியிலிருந்து நாலு போன்கள் எட்டிப் படம் எடுத்தன. "என்னம்மா சமையல், டன் கணக்குல போகுது?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். மற்றவர்கள் கேட்டபோது கிண்டல் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க? நம்ம வீட்டு மேல பழி கிடக்குது, நீங்க பேப்பர் படிச்சுட்டு இருக்கீங்க" என்றார் மனைவி.

"நம்ம வீட்ல இருந்து ஒண்ணும் வரலையே. வந்தாதானே பயப்படணும்?"

அது நியாயம்தான். வட்டம் இருக்கும் இடத்தில் ஆபத்து இல்லை. வட்டம் இல்லாத இடத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

யோசித்தவர் அவருடைய தங்கை. அடுத்த தெருவில் இருப்பவள், கூரியர் ஆபீசில் வேலை. புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்பதால் அவளுடைய மகள் குட்டி, இந்தத் தெருவில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில்தான் பகல் முழுக்க இருப்பாள். காப்பகத்துக்கும் காத்து சார் வீட்டுக்கும் நடுவில் மூன்றே வீடு. தங்கை ஒரு சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"காப்பகத்தை மாத்திட்டோம்ணா. பெத்தவங்க எல்லாம் கூட்டம் போட்டு, மேப்பை வச்சுக்கிட்டு ஒவ்வொரு தெருவா பாத்தோம். பச்சை வட்டம்கூட இல்லாத இடமா ஒண்ணு கிடைச்சுது."

"எங்க?"

"உங்க கம்பெனிக்குப் பின்னாடி சந்து. பெரிய ஹால், வாடகையும் கம்மி. எவனுமே போகலை போல."

காத்து சாரின் மனைவி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"அங்க வாசனை வருமே" என்றார் காத்து சார்.

"வரும்தான். பசைக் கம்பெனி பக்கத்துல மல்லிகைப்பூ வாசனையா வரும்? ஆனா மேப்ல ஒண்ணும் இல்லையே. மூக்கை நம்பச் சொல்றியா, கவர்மென்ட் டேட்டாவை நம்பச் சொல்றியா?"

"அந்த வட்டம் தப்பும்மா."

"தப்புன்னா திருத்து."

"திருத்தணும்."

"எப்ப?"

"பாக்குறேன்."

தங்கை வாசல் பக்கம் திரும்பினாள். "பசை ட்ரம்மை எல்லாம் மாடியில நீ எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னாவது சொல்லேன்" என்றாள். அப்படியே போய்விட்டாள்.

மறுநாள் காத்து சார் மேனேஜர் அறைக்குப் போனார். கோபமாகப் போக வேண்டும் என்று வழியில் நினைத்துக்கொண்டார். கோபம் அகப்படவில்லை. சும்மாதான் போய், வட்டம் இடம் மாறிக் கிடப்பதைச் சொன்னார்.

"இந்த வருஷம் பின் சந்துல இருந்து ஒரு புகார் வரல காத்து. போன வருஷம் மாசத்துக்கு ஒண்ணு வரும். ஏன்னு நினைக்கிற?" மேனேஜர் நாற்காலியை ஆட்டிக்கொண்டே கேட்டார். "மேப்ல அவங்க சுத்தம். சுத்தமா இருக்கிறவன் எதுக்குப் புகார் குடுப்பான்?"

"இப்ப அங்க குழந்தைங்க வந்திருக்கு சார்."

"வரட்டுமே. காத்து பொதுச் சொத்து."

"கலக்குற தொட்டிக்கு மூடி வாங்கினோமே, அதையாவது போட்டா…"

"அதான் வாங்கியாச்சுன்னு அறிக்கையில நீயே எழுதியாச்சே. மூடியைப் போட்டா, தொட்டிக்குத் தொட்டி திறக்கணும், மூடணும், வேலை தாமசமாகும். அடுத்த அறிக்கையில எல்லாத்தையும் திருத்திக்கலாம் போ."

வாங்கியது உண்மை. மூடிகள் ஸ்டோரில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தன. அறிக்கையில் ‘வாங்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘போடப்பட்டதா’ என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒருநாள் தங்கையிடமிருந்து போன். ஆபீசில் ஆள் வரவில்லை, குட்டியைக் கூட்டி வர முடியுமா என்றாள். வேறு வழியில்லாமல்தான் கேட்கிறாள் என்பது குரலில் இருந்தது. காத்து சார் மத்தியான இடைவேளையில் பின் சந்துக்கு நடந்தார். ஹாலின் ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. நல்ல காற்று வரட்டும் என்றுதான். அவற்றுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், கலக்கும் கூடத்து ஆவியை வெளியே தள்ளும் காற்றுப்போக்கி விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க புண்ணியத்துல நல்ல இடமா அமைஞ்சுது சார்" என்றார் காப்பக டீச்சர். அவருக்குத் தலைவலியாம், நெற்றியில் தைலம் பளபளத்தது. "அந்தத் தெருவுல இருந்தப்ப மத்தியானம் ஒண்ணையும் தூங்க வைக்க முடியாது. ஒண்ணு அழும், ஒண்ணு கடிக்கும். இங்க வந்ததுல இருந்து பாருங்க, சோறு ஊட்டி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் அப்படியே சாஞ்சுடுதுங்க. அழுகையே இல்ல. அடிச்சு எழுப்பினாக்கூட எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

காத்து சார் குட்டியின் பக்கத்தில் குந்தினார். "குட்டிம்மா" என்றார். கன்னத்தைத் தட்டினார். அவள் கண்ணைப் பாதி திறந்து, "மாமா" என்றாள், பிறகு யாரோ இழுத்துக்கொண்டது போல மறுபடி உள்ளே போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். கன்னம் அசைந்தது. குட்டி அசையவில்லை.

அந்த இடத்தில் மனுஷனுக்குப் பயம் வர வேண்டும். காத்து சார் சிறிது நேரம் காத்திருந்தார். பயம் வரவில்லை. பயத்துக்குப் பதிலாக, திருத்தம் செய்யும் பக்கத்தின் பாஸ்வேர்டு ஞாபகம் வந்தது.

குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "டீச்சர், எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போங்க. முதல்ல ஜன்னலைச் சாத்துங்க. அந்த வட்டம் இருக்க வேண்டிய இடம் இதுதான்" என்றார்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. வாட்ஸப் குழுத் தலைவரான பல் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் போனின் ஒலிபெருக்கியில் வந்தார்.

"ஓஹோ, உங்க வீட்டு வட்டத்தை எங்க பிள்ளைங்க தலையில கட்டப் பாக்குறீங்களா? மேப் என்ன சொல்லுது? அதைச் சொல்லுங்க."

காத்து சார் தோளில் குட்டியோடு அந்தச் சந்திலேயே, சுவரில் சாய்ந்து நின்று, தன் போனில் திருத்தம் செய்யும் பக்கத்துக்குள் நுழைந்தார். ‘மேற்படி’யை அழித்தார். தொழிற்சாலையின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். திருத்தத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் கேட்டது. ‘நான் அங்கே குடியிருக்கிறேன், அது அங்கே குடியில்லை’ என்று எழுதி அனுப்பினார். டீச்சரும் டாக்டரும் தங்கள் தங்கள் போனில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திரை ஒருமுறை வெளுத்துத் திரும்பியபோது வட்டம் நகர்ந்திருந்தது. அதன் நடுவில் காப்பகம் இருந்தது.

டாக்டர் போனை வைத்துவிட்டார். டீச்சர்தான் கத்தினார். பிறகு பாய்கள் சுருட்டப்பட்டன, குழந்தைகள் கைமாறிக் கைமாறிச் சந்து முனையைத் தாண்டி, தெருவோரத்து மர நிழலுக்குப் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் கம்பெனி வாசலில் அந்த வட்டார ஜனம் முழுக்கப் போனும் கையுமாக நின்றது. ஒவ்வொருவரும் தன் திரையை மேனேஜரின் முகத்துக்கு நேரே பிடித்தார். மேனேஜர் காத்து சாரின் பக்கம் திரும்பி, "நாளையில இருந்து நீ வர வேண்டாம்" என்றார். சொன்ன கையோடு ஸ்டோர் சாவியையும் கேட்டார். மூடிகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டது. ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் எல்லாத் தொட்டிகளும் மூடியாகிவிட்டன. ஒரு மூடிகூடப் பொருந்தாமல் போகவில்லை. வாங்கியவர் அளவு பார்த்துத்தான் வாங்கியிருந்தார். அந்தப் பில்லில் இருந்ததும் காத்து சார் கையெழுத்துதான்.

தங்கை ஆட்டோவில் வந்து இறங்கும்போது குட்டி மரத்தடியில் வாந்தி எடுத்து முடித்து, காத்து சார் மடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் உயிர் வந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தைகளை வரிசையாகப் பார்த்து, வெளிக் காற்றில் இருந்தால் தெளிந்துவிடும், இரவில் கவனமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீதான் மாத்துனியாமே? டீச்சர் சொன்னாங்க" என்றாள் தங்கை. அழுதிருந்தாள். "கும்பிடணும்ணா உன்னை. வேலையும் போச்சாமே உனக்கு."

"ம்."

"அன்னிக்கு வட்டம் தப்புன்னே, நான்தான் நம்பலை. அது எங்க இருக்கணும்னு கண்டுபிடிச்சு உடனே மாத்திட்டே."

இங்கே தலையை ஆட்டியிருந்தால் போதும். காத்து சாரும் ஆட்டலாமா என்று பார்த்தார்.

"உடனே இல்லம்மா. டாக்டர் முதல்ல வீட்டுக்கு வந்து மேப்பைக் காட்டினாரே, அப்பவே எனக்குத் தெரியும்."

தங்கை குட்டியை அவர் மடியிலிருந்து தூக்கினாள். குட்டியின் விரல்கள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தன. தங்கை அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அவசரமே இல்லாமல். ஆட்டோ இன்னும் போகாமல் நின்றது. அவள் ஏறிக்கொண்டாள்.

பாய்கள் இன்னும் மரத்தடியில் சுருண்டு கிடந்தன. டீச்சர் இரண்டை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "உங்க தெருவுல பழைய இடத்துக்குத்தானே சார் போகணும்?" என்று கேட்டார். காத்து சார் மீதியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.