மேகத்தைப் பற்றிப் பேசினால்

பைக் பந்தயத்துக்கு வர்ணனை சொல்வது என் வேலை. டிவியில் என் குரலைக் கேட்கிறவர்கள் நான் ஓடுதளத்தின் ஓரத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பதாக நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் உட்கார்ந்திருப்பது ஊருக்கு நடுவே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில். எதிரே மானிட்டர், காதில் ஹெட்போன், பக்கத்து நாற்காலியில் பிரேக் அண்ணன். அவர் ஒருகாலத்தில் பந்தயம் ஓட்டியவர். அப்போது பிரேக்கைத் தொடவே மாட்டாராம், அதனால் அந்தப் பேர். இப்போது அவர் வாய்க்கும் அதே கதைதான்.

எனக்கு அலுத்துவிட்டது. “என்ன ஒரு திருப்பம்” என்று ஒரு மனுஷன் எத்தனை வருஷம்தான் கத்துவான்? ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரே அக்கடா என்று தூங்கும். எனக்குத் தொண்டை கட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது விழுந்தால், அவன் எழுந்து நடப்பது தெரிந்த பிறகுதான் விழுந்த காட்சியைத் திருப்பிக் காட்டுவார்கள். திருப்பிக் காட்டவில்லை என்றால் அடி பலம். அந்த நேரத்தில் நாங்கள் விழுந்தவனின் பேரை எடுக்கக் கூடாது, ஊகமாக எதுவும் சொல்லக் கூடாது, வாயை மூடிக்கொண்டு சும்மாவும் இருக்கக் கூடாது. அதனால் மேகத்தைப் பற்றிப் பேசுவோம். மழை வருமா, காற்று எந்தப் பக்கம், டயர் எவ்வளவு சூடு என்று எதையாவது இழுத்துக்கொண்டே போவோம்.

இதை ஒருநாள் வீட்டில் உளறித் தொலைத்தேன். என் மனைவியின் தம்பியும் பந்தயம் ஓட்டுபவன். அவன் வண்டியில் ஏறிவிட்டால் அவள் திரையைப் பார்க்க மாட்டாள். டிவி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு என் குரலை மட்டும் கேட்பாள்.

“அவனுக்கு ஏதாச்சும்னா எனக்கு மேகக் கதை சொல்லாதீங்க. பட்டுனு உடைச்சுச் சொல்லிடுங்க” என்றாள்.

“சரி.”

“சும்மா மண்டைய ஆட்டாதீங்க. நான் கேக்கறது உங்க வாய்கிட்ட.”

ஊரே கேட்கிற மைக்கில் எப்படி உடைத்துச் சொல்வது என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அடுத்து வந்த பந்தயத்தில் மச்சினன் நன்றாகத்தான் ஓட்டினான். அவன் அணியைச் சேர்ந்த இன்னொருவன் அவனை ஒட்டியே வந்தான். இருவருக்கும் ஒரே சிவப்பு உடை, ஒரே மாதிரி வண்டி. வளைவில் இரண்டு வண்டியும் உரசின. புழுதி எழுந்தது. கேமரா சட்டென்று முன்னால் போகிறவனிடம் தாவிவிட்டது.

நான் காத்திருந்தேன். தயாரிப்பாளரின் குரல் காதில் வந்தது. “ரீப்ளே கிடையாது. பேசிட்டே இருங்க.”

யாருக்கு அடி என்று எனக்குத் தெரியாது. பிரேக் அண்ணனே வாயடைத்துப்போய் என்னைப் பார்த்தார். ஆனால் என் வாய் இருக்கிறதே, அது யாரையும் கேட்கவில்லை. “கிழக்குப் பக்கம் கொஞ்சம் மேகம் கூடுது நேயர்களே. ஆனா மழை வராது, கவலைப்பட ஒண்ணுமில்ல” என்று அழகாக ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்து நான் வானத்தையே பார்க்கவில்லை. பேச்சு மேகத்திலிருந்து டயர் சூட்டுக்கு வந்த பிறகுதான் துண்டு போட்ட டிவி ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மானிட்டரின் ஓரத்தில் மச்சினன் தெரிந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். நான் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். அப்போதும் ரீப்ளே வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிரேக் அண்ணன் என் ஹெட்போனைக் கழற்றினார். “கெளம்பு. எனக்குப் பேசறதுக்கா பஞ்சம்?”

ஓடுதளத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் எல்லோரையும் கொண்டுபோவார்கள். நேராக அங்கே போனேன். என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என்னுடையது.

“உள்ள கட்டு போடறாங்க. மணிக்கட்டு மட்டும்தான்” என்றாள்.

“போன் பண்ணேனே.”

“வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். மேகம்னு சொன்னீங்க, எழுந்துட்டேன். வழியெல்லாம் அவன் செத்துட்டான்னே நெனச்சுக்கிட்டு வந்தேன்.”

“வாய் தானா...”

“உங்க வாயத் தெரியாதா எனக்கு.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவளுக்குத் திட்டக்கூட தெம்பில்லை.

பெஞ்சின் மறுமுனையில் ஓர் அம்மா, மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆபரேஷன் அறையின் கதவு மூடியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“டிவியில பேசறது நீங்கதான தம்பி? குரல வச்சே கண்டுபிடிச்சுட்டேன். உள்ள இருக்கறது என் பையன். இவங்க தம்பியோட சேந்து ஓட்டுறவன்.”

நான் தலையசைத்தேன்.

“அவன் விழுந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நல்லவேளை, நீங்க கவலைப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. அப்புறந்தான் மூச்சே வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னப்பக்கூட நான் பதறல. சாப்பிட்டுட்டே வந்தேன்.” கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “விழுந்ததத் திருப்பிக்கூட காட்டலயே. சின்ன அடிதான், அதான் விட்டுட்டாங்க போல. இல்ல தம்பி?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, அது தயாராகத்தான் இருந்தது. டாக்டர் கெட்டிக்காரர், ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி, இந்த வயதில் உடம்பு தாங்கும், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் அந்த அம்மாவின் எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“இல்லம்மா. அடி பெருசா இருந்தாத்தான் திருப்பிக் காட்ட மாட்டாங்க.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அது தெரிஞ்சுதான் பேசினீங்களா?”

“தெரிஞ்சுதாம்மா.”

என் மனைவி நகர்ந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மற்றொரு கையால் துணிப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் சூடாதான் இருக்கு. வெளிய வந்ததும் பசிக்கும்னு அவனுக்குச் சோறு கட்டிக்கிட்டு வந்தேன்” என்றார்.