இடது ஓரத்து ரங்கநாதன்கள்

அண்ணே, இதை முதலில் நீ தனியாகப் படி. பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டு. தட்டி எழுதக் கை வரவில்லை, அதனால் போனிடம் வாயால் சொல்கிறேன். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இது தாறுமாறாக எழுதுகிறது. ராணி அக்காவை ராணுவ அக்கா ஆக்கிவிட்டது. ஆகவே செய்தி வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டு போகிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே திருத்தி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராணி அக்காவுக்குப் பலாப்பழம் எடுத்துக்கொண்டு அம்மா வருவதாகச் சொன்னாய். அதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ராணி அக்கா இப்போது அந்த லேபில் இல்லை. ஒன்றரை மாதம் ஆகிறது. "ராணி நல்லா இருக்காளா?" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்கும்போது, "இருக்காங்கம்மா, லேப்ல ஒரே கூட்டம்" என்று நான் சொன்னதெல்லாம் பொய். அவர் வேலை போனது என்னால்.

நீ அவரைப் பார்த்ததில்லை. போன நவம்பரில், ஸ்ரீரங்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு எங்கள் கம்பெனி ப்ரோக்ராம் போட்டுக் கொடுத்தது. எழுதியவள் நான். நிறுவப் போன அன்று முன்மேஜையில் இருந்தவர்தான் விஜயராணி அக்கா. நான் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோர் வாங்கிக் கொடுத்தார். மறுவாரமே திருவானைக்காவலில் தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எனக்கு ரூம் பார்த்துக் கொடுத்தார். அம்மா குக்கரும் பாயும் கொண்டுவந்த அன்று, "கவலைப்படாம போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றதாக அம்மா சொல்வாளே, அவர்தான்.

அந்த ப்ரோக்ராமின் வேலை பெரிதில்லை. ரத்தம் கொடுக்க வருகிறவரின் பெயரைப் பதிந்தால் ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கும். ரத்தக் குழாயில் ஒன்று, ரிப்போர்ட் உறையில் ஒன்று. ஒரு தாளில் மூன்று வரிசையாக ஸ்டிக்கர்கள் இருக்கும். இடது வரிசை தாளின் விளிம்பை ஒட்டியே தொடங்கும்.

எந்த பிரிண்டரும் விளிம்பு வரை அடிக்காது அண்ணே. தாளைப் பிடித்து இழுக்க அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடத்தில் மை விழாது. அது எவ்வளவு என்பது பிரிண்டருக்கு பிரிண்டர் மாறும். அதனால் ப்ரோக்ராம் முதலில், இங்கே மாட்டியிருப்பது எந்த பிரிண்டர், அது எந்த ஓரத்திலிருந்து அடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் பிரிண்டர் ஒளிக்காமல் சொல்லிவிடும். நான் கேட்கவில்லை. எங்கள் ஆபீஸ் பிரிண்டருக்கு மூன்று மில்லிமீட்டர். அதையே உலகத்து பிரிண்டர்களுக்கெல்லாம் பொதுவென்று நினைத்து எண்ணாக எழுதிவிட்டேன். ஆபீஸில் அடித்துப் பார்த்தேன், அழகாக வந்தது. லேபில் அப்போது இருந்த பிரிண்டரிலும் வந்தது.

பொங்கல் முடிந்ததும் லேபில் பிரிண்டரை மாற்றினார்கள். புதியதற்கு ஆறு மில்லிமீட்டர். அந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் ஓர் இனிஷியல் அடங்கிவிடும். நமக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால்தானே வருகிறது.

ராணி அக்கா போன் செய்தார்.

"இளா, ஓரத்து ஸ்டிக்கர்ல இனிஷியல் விழமாட்டேங்குதுடி. கீழ நம்பர்லயும் மொத எழுத்தக் காணோம். இருபத்திமூணு மூணாயிடுது."

"எல்லா ஸ்டிக்கர்லயுமா அக்கா?"

"இல்ல, இடது வரிசைல மட்டும். வெறும் ரங்கநாதன்னு வருது. இந்த ஊர்ல வெறும் ரங்கநாதன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது சொல்லு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். நானே ஒருநாள் பார்த்திருக்கிறேன். "ரங்கநாதன்!" என்று கூப்பிட்டார், நான்கு பேர் எழுந்தார்கள். "மூலவரத் தவிர எல்லாரும் இங்கதான் இருக்கீங்க போல. இனிஷியல் சொல்றேன், மத்தவங்க உக்காருங்க சாமி" என்றார். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கேட்டதுமே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஆனால் சரிசெய்ய வேண்டுமென்றால் எங்கள் தலைவர் ஆஸ்டின் சாரிடம் சொல்ல வேண்டும். வேற பிரிண்டர்ல டெஸ்ட் பண்ணலியா என்று அவர் கேட்பார். ஜூலை வரைக்கும் எனக்கு ப்ரொபேஷன். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இப்போதைக்குப் பேனாவால எழுதிக்கோங்கக்கா. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

"சரி, பேனாவுக்கா பஞ்சம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அவர் இரண்டு முறை கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். காலையில் ஸ்டிக்கர் தாள் வந்ததும் இடது வரிசையில் இனிஷியலும் எண்ணும் கையால் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மூன்று மாதம். ஒரு நாள்கூடத் தப்பு நடக்கவில்லை.

சித்திரைத் தேர் முடிந்த மறுநாள் லேபில் சரியான கூட்டம். அன்று இரண்டு ரங்கநாதன்கள் இடது வரிசையில், ஒருவருக்குக் கீழே ஒருவராக விழுந்துவிட்டார்கள். வி. ரங்கநாதன் அம்மா மண்டபம் ரோட்டில் பூ விற்கிறவர். தி. ரங்கநாதன் உத்திர வீதியில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார். இரண்டு பேருக்கும் வயதுகூட ஒன்று. கூட்ட அவசரத்தில் எண்ணைக் கவனிக்காமல் அக்கா இனிஷியலை மாற்றி எழுதிவிட்டார்.

பூக்காரருக்கு, சர்க்கரை இல்லை என்று வாத்தியாரின் ரிப்போர்ட் போனது. பத்தாம் நாள் அவர் கடையிலேயே தலைசுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை நானூறுக்கு மேல். மூன்று நாள் இருந்து பிழைத்து வந்தார். இப்போது மறுபடி பூ கட்டுகிறார், நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அவர் மகள் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்த அன்று எங்களையும் கூப்பிட்டார்கள். நானும் ஆஸ்டின் சாரும் போனோம். வாத்தியாரும் வந்திருந்தார்.

"பத்து நாளா சக்கரை போடாத காபியக் குடிச்சிண்டிருக்கேன்! ஆத்துல அக்காரவடிசல் பண்ணி எனக்கு மட்டும் இல்லேன்னுட்டா. யாரு பதில் சொல்றது?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. லேபை நடத்தும் டாக்டரம்மா அந்த ரிப்போர்ட் உறையை மேஜைமேல் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் டாக்டர்" என்றார் ராணி அக்கா.

"பிரிண்ட்ல வரும்போது எதுக்குப் பேனாவால எழுதினீங்க?"

"ஓரத்துல விழல டாக்டர்."

டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். ஆஸ்டின் சார் என்னைப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணித்தான குடுத்தோம், இளவேனில்?"

"ஆமா சார். நம்ம பிரிண்டர்ல சரியாத்தான் வந்துச்சு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை அண்ணே. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

டாக்டரம்மா மறுபடி அக்காவிடம் கேட்டார். "விழலன்னா இவங்களுக்கு போன் பண்ணியிருக்கணும்ல? சொன்னீங்களா, இல்லியா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நானே சொல்வேன் என்று காத்திருந்தார். நான் மேஜையிலிருந்த மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ரத்தக் குழாய்களைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் சுற்றி நிற்கும் சத்தம் கேட்டது.

"மறந்துட்டேன் டாக்டர்" என்றார்.

படியிறங்கும்போது என் தோளைத் தொட்டார். "மூஞ்சியத் துடை. எனக்கு ரெண்டு திட்டு விழும், அவ்வளவுதான். ஜூலை வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. உங்கம்மா உன்ன நம்பித்தான அனுப்பியிருக்காங்க."

திட்டோடு போகும் என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. மறுவாரம் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருட வேலை.

லேபிலிருந்து திரும்பிய அன்று மத்தியானமே ஆபீஸில் உட்கார்ந்து ப்ரோக்ராமைத் திருத்தினேன். எந்த பிரிண்டர் என்று பார்த்து, அதன் ஓரத்தைக் கேட்டு, அதற்குத் தகுந்தபடி எழுத்தை வலப்பக்கம் நகர்த்துகிற மாதிரி. பதினொரு வரி. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டது இதைத்தான். ஏதோ சின்ன அப்டேட் என்று சொல்லி லேபில் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு ராணி அக்கா தெரு வழியாக நான் போகவே இல்லை. சந்நிதித் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போனேன். சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை. அவருக்கு முழங்கால் வலி என்று அம்மாவுக்குத்தான் தெரியுமே, தைலம்கூடக் கொடுத்தனுப்பினாள்.

புதன்கிழமை நீ பலாப்பழம் பற்றிச் சொன்ன பிறகு இனி ஒளிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. நேற்று லீவு சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜனவரியில் அக்கா போன் செய்த தேதியைப் போனிலேயே காட்டினேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப வந்து சொன்னா நான் என்னம்மா பண்ணட்டும்? அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

முன்மேஜையில் இக்ரா என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் கையிலிருந்த ஸ்டிக்கர் தாளைப் பார்த்தேன். இடது வரிசையில் எல்லா இனிஷியலும் ஒழுங்காக விழுந்திருந்தது. அவள் மேஜையில் பேனாவே இல்லை. நான் கெஞ்சிக் கேட்டபிறகு, தவறு விஜயராணியுடையது மட்டும் இல்லை என்று ஒரு கடிதம் எழுதித் தருவதாக டாக்டரம்மா சொன்னார். திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்து ஆஸ்டின் சாருக்கு போன் செய்து அவரிடமும் சொல்லிவிட்டேன். "திங்கக்கிழமை பேசலாம்" என்று வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை அண்ணே. வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியாமல்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அங்கிருந்து சின்னக்கடை வீதிக்குப் போனேன். ராணி அக்கா பாவாடைத் துணிகளை மடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னடி, இளைச்சுப் போயிட்ட?" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. துணி பார்க்க வந்தவள் மாதிரி ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னேன், டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று.

"எப்ப?"

"இப்பதான்க்கா. இன்னிக்கு."

மடித்த துணியைத் திரும்பப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, இளா. நான் உன்னையேதான பாத்துக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் கேட்டார். கையிலிருந்த துணியை அவரிடம் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மா பலாப்பழம் கொண்டு வருகிறாள் என்று சொன்னேன்.

"உங்கம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்க?"

"நீங்க லேப்லயே இருக்கீங்கன்னு."

"நல்லா சொன்ன போ." சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "டாக்டர்கிட்ட உனக்காக ஒரு பொய் சொல்லிட்டேன். உங்கம்மா கொண்டாந்த பழத்தத் தின்னுக்கிட்டே இன்னொரு பொய் என்னால சொல்ல முடியாது. நடந்தத சொல்லு. அதக் கேட்டுட்டும் அவங்க வர்றதா இருந்தா கூட்டிட்டு வா. நாலு மணிக்கு மேல எனக்கு லீவு."

அதனால்தான் சொன்னேன். அம்மா என்னைத் திட்டுவாளா, அழுவாளா, எதுவாக இருந்தாலும் நீ பக்கத்தில் இரு. ஞாயிற்றுக்கிழமை வருகிறாளா என்று மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு. வருவதாக இருந்தால் பழத்தை அவளே கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கட்டும். என்னிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம்.