வீட்டுக்காரி எங்கே என்று கேட்பவருக்குச் சரியான விடை

1

இந்தக் கதை என் சமையலறையில் பிறந்தது. நர்சிங் படிக்கும் என் அண்ணன் மகள் பையை வீசிவிட்டு அறிவித்தாள்:

"அத்தை, பிரசவ வார்டு கிடைச்சவளுங்க எல்லாம் செல்ஃபி போடுறாளுங்க. எனக்கு மட்டும் பெருசுங்க வார்டு!"

குடும்ப நாவல்களாக எழுதித் தள்ளுகிறவள் சும்மா இருப்பேனா?

'வெள்ளைச் சீருடையில் அவள் நுழைய, இளம் டாக்டர் நிமிர்ந்து...'

அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த வார்டில் இளம் டாக்டர் கிடையாது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். மறதி நோய். கண் விழித்ததும் ஒரே கேள்வி: "என் வீட்டுக்காரி எங்கம்மா?"

2

மறதி நோயாளிக்கு நாள், இடம், நடப்பு எல்லாவற்றையும் உள்ளபடி நினைவூட்ட வேண்டும் என்பது கல்லூரிப் பாடம். நம் நாயகி பாடத்தில் புலி.

"அவங்க இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு தாத்தா. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

அவர் அழுதார். மறந்தார். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். (மத்தியானத்துக்குள் அந்த அம்மாள் மூன்று முறை இறந்துவிட்டாள். என் நாவல்களில்கூட இவ்வளவு சாவு கிடையாது.)

"பாவம்டி, அழறாரே?"

"அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவாரு அத்தை. அப்புறம் என்ன?"

நாயகியை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அண்ணன் கோபித்துக்கொள்வான்.

3

மறுநாள் அவள் பையை வீசவில்லை. மெதுவாக வைத்தாள்.

"முகம் துடைச்சுவிட்டேன் அத்தை. 'நான் ஏம்மா அழறேன்?'னு என்னையே கேட்டாரு. காரணம்தான் மறந்துபோச்சு. அழுகை அப்படியே இருக்கு."

அதன்பிறகு அவர் கேட்டால், "அவங்களப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்கிறாளாம். ரயில் வீட்டைத் தாண்டும்போது அவர் ஹார்ன் அடிப்பாராம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைப்பாளாம்.

4

நாளை செய்முறைத் தேர்வு. நோயாளி அவர்தான். மார்க் போடுபவர், அந்தப் பாடத்தை நடத்திய மேடம். தாத்தா நிச்சயம் அதே கேள்வியைக் கேட்பார். பாடப்படி சொல்லாவிட்டால் ஃபெயில்; ஒரு வருஷம் போச்சு.

முடிவு அ: மேடம் கண்கலங்கி முழு மார்க் போடுகிறார். (மேடத்தை நான் பார்த்திருக்கிறேன். வாய்ப்பில்லை.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்லிப் பாஸாகிறாள், இளம் டாக்டர் பெண் கேட்டு... சீச்சீ.

முடிவு இ: "என் வீட்டுக்காரி எங்கம்மா?" அவள் மேடத்தைப் பார்த்தாள். பிறகு தாத்தாவின் கையைப் பிடித்து...

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அவள் பாஸாக வேண்டும் என்றுதானே உங்களுக்கும் ஆசை? அப்படியென்றால் கட்டில் பக்கம் வாருங்கள், நீங்களே அவரிடம் சொல்லுங்கள். கிழமையை மறந்துவிடாதீர்கள். அதற்கும் மார்க் உண்டு.