சுவரில் கால் வரையக் கூடாது

ராஜா செத்த எழுபதாவது நாள் கல்லறையை மூட வேண்டும். சீனிப்பாண்டி வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. சேர்ந்த அன்றும் அறுபத்தெட்டாவது நாள்தான், இன்றும் அறுபத்தெட்டாவது நாள்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லறைக்குள் இறங்கும் பாதை மட்டும் தினமும் ஒரு சாண் நீண்டது.

கோவில்பட்டியில் அவன் கட்அவுட் வரைந்தவன். எகிப்தில் ராஜாவுக்குத் துணையாகச் சுவரில் ஆள் வரைந்தான். ரொட்டி சுமக்கிறவன், வாத்து பிடிக்கிறவன், விசிறி வீசுகிறவன். எல்லாரும் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். இடுப்போடு நிறுத்திவிட வேண்டும். கால் வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். ராஜா காலையில் கல்பெட்டிக்குள் இருந்தபடியே ஆட்களை எண்ணுவார். குறைந்தால் பிடிக்காது.

இன்று அவன் லீவு கேட்டான்.

"எதுக்குடே?" என்றார் மேஸ்திரி ஞானதிரவியம். நாசரேத்துக்காரர்.

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து அண்ணாச்சி. இன்னைக்குப் பதினோரு மணிக்குள்ள. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும்."

"மூணு கருங்கல் கதவையும் இப்பவே இறக்கியாச்சே. ராஜா வெளிய போனாத்தான் தூக்குவாங்க."

"அவரு எப்ப வெளிய போவாரு?"

"அவரு வீட்ட விட்டு அவரு எதுக்குடே போணும்?"

சீனிப்பாண்டி யோசித்தான்.

"சுவத்துல உள்ளவன் போலாமா?"

"அவனுக்கு எதுக்குக் கதவு? கல்லுக்குக் கல்லு வழி விடும். கால்தான் இல்லையே."

"இருந்தா?"

அண்ணாச்சி கூரையில் தீட்டியிருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார். "நான் மேல பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

சீனிப்பாண்டி தன்னையே வரைந்தான். முதலில் சிவப்புக் கோடு. அதைத் திருத்திக் கறுப்புக் கோடு. இடது பக்கம் பார்த்து உட்கார்ந்த ஆள். தொடை, முட்டி, பாதம், எல்லாம் வைத்தான். மடியை ஒரு வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகவே வைத்தான். மை காய்ந்ததும் அந்த ஆள் எழுந்தான். யாரையும் நேராகப் பார்க்காமல் கல்லுக்குள் நடந்து போனான்.

ராஜாவின் பெட்டி மூடிமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறித் தங்கச்சிக்குப் போன் போட்டான்.

"யாரு?" என்றாள் மாரிச்செல்வி.

"அண்ணன்."

"அண்ணன் இங்க உக்காந்திருக்கான். நீ யாரு?"

"நானும் அண்ணன்தாம்மா."

"சரி. சாப்டியா?"

"ஆச்சு. மடி எப்படி இருக்கு?"

"மடி நல்லாருக்கு. ஆளுதான் தட்டையா இருக்கான். ஒழுங்கா திங்கலைன்னு அம்மா ஏசுதா. போட்டோக்காரரு கத்திக்கிட்டே இருக்காரு, நேரா பாக்க மாட்டேங்கான்."

"பாக்க மாட்டான். குத்தியாச்சா?"

"ஒரு காது ஆச்சு. பிள்ள அழவே இல்ல. இன்னொரு காதுக்கு ஆசாரி அந்தப் பக்கம் போனா அங்க மாமனே இல்லண்ணே. வெறும் இடத்துல எப்படிக் குத்தன்னு நிக்காரு. நேரம் வேற போகுது."

அந்தப் பக்கத்தை அவன் வரையவில்லை.

"வச்சிராத. அஞ்சே நிமிசம்."

அண்ணாச்சி மூடிமேல் ஏறிப் போனைப் பிடித்துக்கொண்டார். சீனிப்பாண்டி வலது பக்கம் பார்த்து இன்னொருவனை வரைந்தான். இருபது அடி கட்அவுட்டை அரை நாளில் முடித்த கை. இந்த ஆளும் எழுந்து போனான். சீனிப்பாண்டி மறுபடி ஏறினான்.

"வந்துட்டான்" என்றாள் மாரிச்செல்வி. "ரெண்டு பேரும் அப்படியே ஒட்டிக்கிட்டானுவ. இப்பத்தாண்ணே நீ முழுசா இருக்க."

பிறகு பிள்ளை வீறிட்டது. கல்லறை முழுக்கக் கேட்டது.

"என்ன சத்தம்?" பெட்டிக்குள்ளிருந்து ராஜா கேட்டார்.

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். இரண்டு இடம் காலி.

"என் மருமக, மகாராஜா. காது குத்துறாங்க" என்றான் சீனிப்பாண்டி.

"யார் மடியில?"

"என் மடியில."

ராஜா உள்ளிருந்து மூடியைத் தட்டினார்.

"மூடியக் கொஞ்சம் தள்ளு" என்றார் ராஜா. "எனக்குச் சரியா கேக்கல."

இறங்கினால் சிக்னல் போய்விடும். அண்ணாச்சி கீழே குதித்து, மேலே போனோடு நின்ற சீனிப்பாண்டியோடு சேர்த்தே மூடியைத் தள்ளினார்.