சிவப்பு இல்லம் கட்டிய மாடி

கொன்றையடி மகா வித்தியாலயத்தின் மாடிக் கட்டடம் காட்போட் மட்டை, தென்னோலை, உரப்பை, மீன் பெட்டிகளின் வெள்ளை நுரைத்தகடான றெஜிபோம் ஆகியவற்றால் ஆனது. நீளம் எண்பதடி, அகலம் இருபத்தைந்தடி, மேலும் கீழுமாக ஆறு வகுப்பறைகள். உடுப்பிட்டிப் பக்கம், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்தப் பாடசாலை ஓர் ஓலைக் கொட்டிலாகத் தொடங்கியது. ஐம்பதுகளில் கற்கட்டடமானது, தொண்ணூறுகளில் ஷெல் விழுந்து பாதியானது, இடம்பெயர்ந்த ஆறு மாதம் தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் நடந்தது, திரும்பி வந்து மீதிப் பாதியில் தொடர்ந்தது. இழந்த பாதிக்குப் பதிலாக மாடி ஒன்று வரும் என்று மூன்று தடவை அடிக்கல் நாட்டினார்கள். மூன்று கற்களின் மேலும் குந்தியிருந்து பிள்ளைகள் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். வராத மாடியின் வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதிபரின் அறையில் தொங்கியது. பத்தாம், பதினோராம் வகுப்புகள் தகரக் கொட்டிலில் நடந்தன.

2018 தை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. தகரக் கொட்டில் பாதுகாப்பற்றது, முதலாம் தவணை முடிவதற்குள் நிரந்தரக் கட்டடம் இல்லையேல் அந்த இரண்டு வகுப்புகளும் ஆறு கிலோமீற்றர் தள்ளியுள்ள பாடசாலைக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது. அதிபர் கனகாம்பிகை அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். பதினோராம் வகுப்புத் தனுஷாவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. அவளுடைய தாய் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடியப் போய்ப் பொழுதுபட வருபவர். தகப்பன் றஞ்சித் கட்டட மேசன். வேலை கிடைத்த ஊரில் தங்குபவர். இரண்டு தங்கைகளை ஒன்றாம், மூன்றாம் வகுப்புகளுக்குக் கூட்டி வந்து திரும்பக் கூட்டிப் போவது தனுஷாதான். வகுப்பு போனால் அவளுடைய படிப்பும் அந்தத் தவணையோடு நின்றுவிடும். இதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; தாய் மட்டும் தையல் வகுப்பு ஒன்றின் நேரத்தை விசாரித்து வைத்திருந்தார்.

மாசியில், பிள்ளைகள் சிவப்பு, பச்சை என்று இல்லங்களாகப் பிரிந்து மோதும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஓட்டத்தைவிட இல்ல அலங்காரத்துக்குத்தான் சனம் கூடும். ஒவ்வோர் இல்லமும் மைதான ஓரத்தில் ஓலையாலும் மட்டையாலும் ஒரு கோட்டையோ கப்பலோ கட்டும். நடுவர்கள் புள்ளி போடுவார்கள். மறுநாள் பிரித்து எரிப்பார்கள். சிவப்பு இல்லத் தலைவி தனுஷா அதிபரின் அறையிலிருந்து வரைபடத்தைக் கழற்றி வந்து, "போறதெண்டால் இதைக் கட்டிப் பாத்திட்டாவது போவம்" என்றாள். அலங்காரத்துக்குப் பன்னிரண்டடி போதும். ஆனால் வரைபடத்தில் எண்பதடி என்று இருந்ததால் சிவப்பு இல்லம் எண்பதடி கட்டியது. ஊரில் ஓலை முடிந்து கரவெட்டியிலிருந்து வந்தது. படிகளைக் கட்ட நேரம் போதாமல் மட்டையில் படமாகக் கீறி ஒட்டினார்கள். பச்சை இல்லத் தலைவி றஜிதா ஓலை விமானத்துக்கு வால் கட்டியபடி கேட்டாள்: "பள்ளிக்கூடத்துக்குள்ளையே இன்னொரு பள்ளிக்கூடமோடி? லீவு நாளிலையும் படிக்கப் போறியளோ?" விமானத்துக்கு முதலிடம் கிடைத்தது. சிவப்பு இல்லத்துக்குக் கற்பனை போதாது என்று மூன்றாம் இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் பிரிக்க வந்தபோது மேல்மாடியில் ஓர் ஆடு நின்றது. கீறிய படிகளால் ஏறியிருந்தது. தனுஷா ஆட்டைத் துரத்திக்கொண்டு மேலே ஓடி, பாதி வழியில்தான் தான் எதன்மேல் ஓடுகிறாள் என்று யோசித்தாள். கயிற்றை அறுக்கப் போன கத்தி மடங்கியது. மேசன் றஞ்சித்தைக் கூப்பிட்டார்கள். அவர் தூக்குக்குண்டு பிடித்து நாலு மூலையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் கோபமாக, "நான் கட்டினாலும் உவ்வளவு நேரா வராது" என்றார். அதிபர் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, படிகளைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார்.

பங்குனி முடிந்து, தவணையின் கடைசிக் கிழமை, கல்வி அலுவலர் செபநாயகம் அந்த இரண்டு வகுப்புகளின் மேசை கதிரைகளை ஏற்றிப்போக உழவு இயந்திரத்துடன் வந்தார். குருநகர்க்காரர், ஒழுங்கானவர். கட்டடத்தைச் சுற்றி வந்து, படிவத்தை விரித்து, சுவர் எதனால் ஆனது என்று கேட்டார். சீமெந்து என்று சொல்லும்படி பின்னாலிருந்து பலர் தனுஷாவின் முதுகில் கிள்ளினார்கள்.

"காட்போட், சேர். உள்ளுக்கை றெஜிபோம்."

"மழை வந்தால்?"

"தெரியாது, சேர். இன்னும் வரேல்லை."

"அப்ப ஏத்துங்கோ" என்றார் அவர். முதல் மேசை உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஏறியது. தனுஷா தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். ஆறாவது மேசை ஏறும்போது மழை தொடங்கியது. அலுவலர் அதிபரின் அறைக்குள் ஓடினார், அங்கே ஒழுகியது. தகரக் கொட்டிலுக்கு ஓடினார். அங்கே இன்னும் கூடுதலாக ஒழுகியது. கடைசியில் படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கீறிய படிகளால் மாடிக்கு ஏறினார். முழுப் பாடசாலையும் பின்னால் ஏறியது. ஒன்றேகால் மணித்தியாலம் பெய்தது. செபநாயகம் சுவரைத் தடவினார், கூரையைப் பார்த்தார், தலையைத் துவட்டினார். பிறகு படிவத்தில் சீமெந்து, செங்கல், முருகைக்கல் எல்லாவற்றையும் தாண்டி, 'வேறு' என்ற இடத்தில், 'காட்போட். ஒழுகவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். "இறக்குங்கோ பிள்ளையள், எல்லாம் நனையுது" என்றார். தனுஷா படியில் குந்திவிட்டாள். தங்கைகள் இருவரும் வந்து இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டார்கள். உழவு இயந்திரம் வெறுமையாகப் போனது.

அந்த மார்கழியில் மாடியையும் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்கு நிலையமாக்கினார்கள். கணித வினாத்தாள் அன்று வாடைக்காற்று தாள்களைப் புரட்டியது. மேற்பார்வைக்கு வந்த லவீனா மிஸ், யன்னலோரம் இருந்த தனுஷாவிடம், "பிள்ளை, அந்த யன்னலைச் சாத்தும்" என்றார்.

"சாத்தேலாது, மிஸ். திறந்தபடிதான் கீறினனாங்கள்."

லவீனா மிஸ் யன்னலை ஒருமுறை பார்த்தார். வெளியே போய்ச் சின்னக் கல்லொன்று பொறுக்கி வந்து, பறக்காதபடி அவளுடைய விடைத்தாளின் மேல் வைத்தார். "இன்னும் இருபது நிமிசம் இருக்கு" என்றார்.