தகவல்: மகள்

தேவாலயத்தில் யசிந்தா தகப்பனின் சவப்பெட்டிமேல் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பியபோது, தவமணி மாமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதை பிள்ளை. றண்டர்ஸ் வீடு வசதியோ? மூண்டாம் மாடியெண்டால் லிஃப்ட் இருக்கோ?"

அந்த வீடு இருப்பதே மாமிக்குத் தெரியக்கூடாது. டென்மார்க்கின் கோல்டிங் நகரில் அவள் இருந்த வீட்டுக் கதவை முன்னாள் கணவன் டிலுக்சன் உடைத்து யசிந்தாவை அடித்த பிறகு, வாடகை வீட்டுச் சங்கம் பழைய ஒப்பந்தத்தை உடனே முடித்து, அவளைத் தூரத்து ஊரான றண்டர்ஸுக்கு மாற்றியிருந்தது. தபால்பெட்டியில் பெயர் கிடையாது. நகரசபையான கொமூன் முகவரியை மறைத்து வைத்திருந்தது. சாமான் ஏற்ற அப்பா பேனாட் மட்டும்தான் வந்தார். அவளுடைய நம்பரைப் 'பல் டொக்டர்' என்று போனில் பதிந்துகொண்டார். அவருக்கு இருந்ததே அரைவாசிப் பல்தான். கடைசிவரை அந்த மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவளேதான் முகவரியை எழுதி அம்மாவிடம் கொடுத்தாள்.

"உங்களுக்கு ஆர் மாமி சொன்னது?"

"மரண அறிவித்தலில கிடக்கே!" மாமி போனை நீட்டினார்.

அப்பாவின் படத்துக்குக் கீழே 'டிலுக்சனின் அன்பு மாமனாரும்' என்று போட்டிருந்தது. விவாகரத்தாகி இரண்டு வருஷம். இன்னும் கீழே, 'தகவல்: மகள்.' தெருப்பெயர், கதவிலக்கம், தொலைபேசி எண், ஒன்றும் பாக்கியில்லை.

பெட்டி தூக்க ஆட்கள் எழுந்தார்கள். தம்பி றொனிஷன் முன் கைபிடியை விட்டு விலகி, கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவனுக்கு இடம் கொடுத்தான். டிலுக்சன். அவளைப் பார்த்து வெகு மரியாதையாகத் தலையசைத்தான்.

அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் எனக்குக் கிட்ட வரக்கூடாதெண்டு பொலிஸ் தடை இருக்கு. உனக்குத் தெரியுமெல்லே?"

"செத்த வீட்டுக்குப் பொலிசைக் கூப்பிட்டு எங்களை நாறடிக்காதை அக்கா. அறிவித்தலில அம்மாதான் அப்பிடி எழுதச் சொன்னவ."

முன் வரிசை வாங்கில் இருந்த அம்மா மேரிசெலின் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏனம்மா?"

"மருமோன் தூக்காமல் அப்பா போனால் சனம் என்ன கதைக்கும்? திருந்தீட்டன் எண்டு அழுதவன். ஒருக்கா வந்து உன்னோட கதைக்கட்டும் எண்டுதான் விலாசத்தையும் போடச் சொன்னனான்."

பெற்ற தாய் தெரிந்தே செய்திருக்கிறாள். டிலுக்சன் அடித்த அடிகூட இப்படி வலித்ததில்லை.

யசிந்தா பக்கக் கதவால் வெளியேறி, காருக்குள் ஏறிப் பூட்டிக்கொண்டு, வீட்டுச் சங்கத்துக்குப் போன் அடித்தாள். எடுத்த டெனிஷ்காரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகவேண்டாம், தங்க இடம் பார்க்கிறேன், வேறு ஊரில் வீடு தேடலாம் என்றாள். பிறகு ஒரு கேள்வி.

"புது முகவரி உங்கள் குடும்பத்தில் யாருக்குத் தெரியலாம்?"



"ஒருவர் இருந்தார்," என்றாள் யசிந்தா டெனிஷில்.

சவவண்டி தேவாலய வாசலுக்கு வந்தது. சைக்கிளில் போன ஒருத்திக்கு வழிவிட்டு நின்றது. பிறகு மெதுவாக வலப்பக்கம் திரும்பிப் போனது.